கடலோரச் சாலையைப் புயலிலும் ஓதத்திலும் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலை ஒட்டிய சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள், ஒப்பந்ததாரர்கள், உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஓதம் என்று இங்கே சொல்வது கடல் நீர்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை. உச்சத்துக்கு ஏறிய நிலை உயர் ஓதம். இறங்கிய நிலை வற்றம்.

அலை வந்து மோதுவதால்தானே சாலை உடைகிறது?

சில இடங்களில் அப்படித்தான். ஆனால் புயலுக்குப் பிறகு உடைந்து கிடக்கும் சாலையைப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் கடல் பக்க ஓரம் நன்றாக இருக்கும், நிலப் பக்க ஓரம்தான் பிய்ந்து தொங்கும். காரணம் எளிது. புயலில் ஏறிய கடல்நீர் சாலையின் மேல் வழிந்து மறுபக்கம் விழுகிறது. அந்த நேரத்தில் சாலை ஒரு தடுப்பணை போல ஆகிவிடுகிறது. நிலப் பக்கச் சரிவில் இறங்கும் நீர் வேகம் பிடித்து, சாலையோர மண்ணை முதலில் அரிக்கும். பிறகு தார் விளிம்புக்கு அடியில் குடைந்துகொண்டு உள்ளே வரும். அடியில் மண் இல்லாத தார்ப்பரப்பு, பலகை பலகையாக முறிந்து விழும். ஒரு புறமாகத் தொடங்கிய அரிப்பு சில மணி நேரத்தில் மறு ஓரத்தை எட்டிவிடும்.

புயல் கடந்ததும் இன்னொரு ஆபத்து. காற்று திசை மாறும், கடல்மட்டம் இறங்கும், உள்ளே தேங்கிய நீர் கடலுக்குத் திரும்ப வழி தேடும். இப்போது அருவி விழுவது கடல் பக்க ஓரத்தில். புயல் ஓய்ந்தது என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில் சாலை அறுந்துபோவது இதனால்தான்.

எனவே பராமரிப்புப் பணம் குறைவாக இருந்தால், அதை முதலில் சாலையின் இரு ஓரங்களுக்கும், சுவரின் அடிக்கும், வடிகால் வாய்களுக்கும் செலவிடுங்கள். நடுச்சாலையில் புதிய தார் போடுவது கண்ணுக்கு அழகாக இருக்கும். ஓரம் போனால் அதுவும் கூடவே போகும்.

கடல் எந்த நாளில் சாலைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

ஓதத்தின் பங்கைத் துல்லியமாகச் சொல்லலாம், புயலின் பங்கை ஓரளவு சொல்லலாம். பெரும்பாலான கடற்கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உயர் ஓதம் வரும். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் அதற்கு ஓரிரு நாள் கழித்து, ஓதம் மிக அதிகமாக இருக்கும். நிலவு பூமிக்கு அருகில் வரும் நாளும் அதோடு சேர்ந்தால் இன்னும் ஏறும். இவையெல்லாம் ஓத அட்டவணையில் ஓராண்டுக்கு முன்பே கிடைக்கும்.

அதன் மேல் புயலைச் சேருங்கள். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். வழக்கமான 1013-லிருந்து 963-க்கு இறங்கிய புயல் என்றால் அழுத்தத்தால் மட்டும் அரை மீட்டர். கரையை நோக்கி அடிக்கும் காற்று நீரைத் தள்ளிக் குவிப்பது இதைவிடப் பல மடங்கு ஆகலாம், குறிப்பாகக் கடல் ஆழம் குறைந்து நெடுந்தூரம் சரியும் இடங்களில். அதற்கு மேல்தான் அலை ஏறும். புயல் கரை கடப்பது உயர் ஓத நேரத்திலா, வற்ற நேரத்திலா என்பதைப் பொறுத்து சாலை தப்புவதும் தப்பாததும் மாறும். ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் ஓத அட்டவணையைக் கையில் எடுங்கள்.

ஒரு எளிய பழக்கம்: சாலையின் மிகத் தாழ்வான இடத்தில் அளவுகோல் கம்பம் ஒன்றை நட்டு, பெரிய ஓத நாட்களில் நீர் எதுவரை வந்தது என்று குறித்து வையுங்கள். அட்டவணை எண்ணுக்கும் உங்கள் சாலைக்கும் உள்ள உறவு ஓராண்டில் தெரிந்துவிடும். எந்த மென்பொருளும் இதைவிட நன்றாகச் சொல்லாது.

சாலையை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டால் பிரச்சினை தீராதா?

உயர்த்துவதென்றால் நீர் வழியாத அளவுக்கு உயர்த்த வேண்டும், இல்லையென்றால் உயர்த்தக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மிக மோசம். சிறிது உயர்த்திய சாலையின் மேல் எப்படியும் நீர் வழியும். இருபுற நீர்மட்ட வித்தியாசம் முன்பைவிடக் கூடும். மறுபக்கம் விழும் வேகமும் கூடும். மழைநீர் கடலுக்கு வடிய முடியாமல் ஊர்ப் பக்கம் தேங்கும் தொல்லை வேறு.

சுற்றுத் தரைமட்டத்திலேயே கிடக்கும் சாலை சீக்கிரம் முழுகிவிடும். ஆனால் இருபுறமும் நீர் சமமாக ஏறுவதால் அருவி உண்டாகாது. மணல் மூடிப் போகும். மணலை எடுத்தால் சாலை அடியில் அப்படியே இருக்கும். ஃபிரான்ஸில் நுவார்மூட்டியே தீவுக்குச் செல்லும் 'பசாஜ் து குவா' என்ற கற்பாவு சாலை 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. ஒவ்வொரு நாளும் இருமுறை கடலுக்குள் முழுகி எழுகிறது. முழுகுவது வேறு, அறுந்துபோவது வேறு. நாள்தோறும் பயன்படும் முக்கியச் சாலைக்கு இது ஒத்துவராது. ஆனால் மாற்றுவழி இருக்கும் சிறு சாலைக்கு, ஆண்டில் சில நாள் மூடிவைப்பதை ஏற்றுக்கொண்டால், இது மலிவான, நீடிக்கும் தீர்வு.

உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் நிலப் பக்கச் சரிவை 1:4 அளவுக்கு, அதாவது 1 மீட்டர் இறங்க 4 மீட்டர் நீளும்படி, படுக்க விடுங்கள். அதன் மேல் கம்பியால் கோத்த கான்கிரீட் கட்டைப் பாய் அல்லது கல் நிரப்பிய கம்பிவலை மெத்தை போட்டு, அதன் அடி விளிம்பைத் தரைக்குள் புதையுங்கள். கடல் பக்கத்துக்கு மட்டும் கல் போட்டுவிட்டு நிலப் பக்கத்தை வெறும் மண்ணாக விடுவது, நாம் பார்க்கும் தவறுகளிலேயே அதிகம் நடப்பது.

கல் அரணுக்கு எவ்வளவு பெரிய கல் வேண்டும்?

கல் அரண் என்பது அலையைத் தாங்கக் கடல் பக்கச் சரிவில் அடுக்கும் கல். அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கல்லின் எடை கூடும். அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும். இதை மனதில் வைத்தாலே பாதித் தவறு தவிர்க்கப்படும்.

தொடக்கக் கணக்குக்கு, அலை உயரத்திலிருந்து கல்லின் எடையைத் தரும் ஹட்சன் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. 1:2 சரிவு, கனமீட்டருக்கு 2650 கிலோ அடர்த்தியுள்ள முனை கூரிய உடைகல், இரண்டு அடுக்கு, கரையருகே உடையும் அலை என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் அலைக்கு சுமார் 170 கிலோ கல் வரும். 1.5 மீட்டருக்கு 560 கிலோ. 2 மீட்டருக்கு 1,300 கிலோவுக்கு மேல். 3 மீட்டருக்கு நாலரை டன். உருண்டைக் கல் என்றால் ஒன்றோடொன்று பிடிக்காது. அதற்கு எடையை இன்னும் கணிசமாகக் கூட்ட வேண்டும். நீளம், தடிமனைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் பலகைக் கல்லை ஒதுக்குங்கள். அலை அதைத் திருப்பிப் போட்டுவிடும், இல்லையென்றால் உடைக்கும்.

எந்த அலை உயரத்தை எடுப்பது என்பது அடுத்த சந்தேகம். நடுக்கடல் அலையை அப்படியே எடுக்க வேண்டாம். ஆழம் குறைந்த இடத்தில் அலை உடைந்துவிடும். அரணின் அடியில் புயல் நேரத்தில் இருக்கும் நீர் ஆழத்தில் சுமார் 0.8 மடங்குதான் அங்கே வரக்கூடிய பெரிய அலை. ஆனால் அந்த ஆழத்தில் உயர் ஓதம், புயல் ஏற்றம், அடிமணல் அரித்துப்போவது ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அமைதியான நாளில் வற்றத்தின்போது போய் ஆழம் பார்த்துவிட்டு முடிவு செய்த கல்தான் முதல் புயலிலேயே உருளும்.

கல் போதிய எடைதான். இருந்தும் இரண்டே ஆண்டில் அரண் சரிந்துவிட்டது. ஏன்?

மூன்று இடங்களைத் தேடுங்கள்.

முதலாவது அடி. அலை திரும்பும்போது அரணின் பாதத்தில் மணல் அரித்துப் பள்ளம் விழும். ஏறத்தாழ ஒரு அலை உயரத்துக்கு அரிக்கும் என்று வைத்துக்கொள்வது நடைமுறை விதி. அடிக்கல்லை அந்த ஆழத்துக்குப் புதைக்க வேண்டும். தோண்ட முடியாத இடத்தில், முன்னால் தரைமேல் கூடுதல் கல்லைப் படுக்கையாக விரித்து வைத்தால், அரிக்கும்போது அது தானாகப் பள்ளத்தில் இறங்கி அடைக்கும். மேலே சரிந்து தெரிவதற்குக் காரணம் கீழே காலியானதுதான்; அதை விட்டுவிட்டு மேலே புதுக்கல் கொட்டினால் பணம்தான் வீண்.

இரண்டாவது வடிப்படுக்கை, அதாவது நீரை விட்டு மண்ணை நிறுத்தும் அடுக்கு. பெரிய கல்லுக்கு இடையில் உள்ள சந்து வழியாக மண் உறிஞ்சப்பட்டுப் போகும். பெரிய கல்லுக்கு அடியில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ள கல் அடுக்கும், அதற்கும் அடியில் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணியும் வேண்டும். துணியை ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது அரை மீட்டர் ஏறியிருக்கும்படி விரியுங்கள். நீருக்கடியில் என்றால் 1 மீட்டர். பெரிய கல்லை நேராகத் துணிமேல் போடாதீர்கள், கிழியும். விரித்த துணியை வாரக்கணக்கில் வெயிலில் காயவிடவும் கூடாது. புறஊதாக் கதிர் அதன் வலிமையைத் தின்றுவிடும்.

மூன்றாவது இரு முனைகள். அரண் முடியும் இடத்தில் அலை சுற்றி வந்து பின்பக்கமாக அரிக்கும். முனையை நிலத்துக்குள் வளைத்து இழுத்து முடிக்க வேண்டும். அண்டை நிலத்தில் கரையரிப்பு கூடும் என்பதையும் திட்டமிடும்போதே ஒப்புக்கொண்டு அதற்கும் வழி சொல்ல வேண்டும்.

இன்னொன்று: கல்லை லாரியிலிருந்து கொட்டினால் பெரியது கீழே உருண்டு ஓடும், சிறியது மேலே தங்கும். பொக்லைன் கொண்டு ஒவ்வொரு கல்லாக, சுற்றிலும் மூன்று கல்லையாவது தொட்டுக்கொண்டு அசையாமல் உட்காரும்படி வைப்பதே அடுக்குதல்.

கம்பிவலைக் கல்பெட்டி போதாதா?

உப்பங்கழி, கால்வாய், நிலப் பக்கச் சரிவு போன்ற இடங்களுக்கு நல்லது. நேரடி அலை மோதும் இடத்தில் உள்ளே கல் ஆடிக்கொண்டே இருக்கும். பிவிசி பூச்சு தேய்ந்து, துத்தநாகப் பூச்சும் போய், கம்பி அறும். ஒரு பெட்டி பிரிந்தால் அடுத்ததும் சரியும்.

கான்கிரீட் தடுப்புச் சுவர் கடலை நோக்கிச் சாய்கிறது. அலை தள்ளினால் உள்பக்கம்தானே சாய வேண்டும்?

சுவரைத் தள்ளுவது பின்னால் தேங்கிய நீர். உயர் ஓதத்திலும் அலை தெறிப்பிலும் மழையிலும் சுவருக்குப் பின்னால் மண் ஊறிவிடுகிறது. கடல் வேகமாக வற்றும்போது முன்பக்க ஆதரவு போகிறது. பின்பக்க நீர் வடிய நேரமில்லை. 2 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2 டன் தள்ளுவிசை, மண்ணின் விசையைச் சேர்க்காமலே.

நீர்க்கசிவுத் துளைகளைப் பாருங்கள். 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய், ஒன்றரை முதல் 2 மீட்டர் இடைவெளி, பின்னால் ஜல்லியும் துணியும் என்பது வழக்கமான அமைப்பு. கடல் வற்றத் தொடங்கிய அரை மணி நேரத்தில் எல்லாத் துளையிலும் நீர் வழிய வேண்டும். வழியாத துளை அடைத்துவிட்டது என்று பொருள். கம்பி விட்டுக் குத்தியும் நீர் பாய்ச்சியும் திறக்கலாம். கலங்கிய நீராகவோ மணலாகவோ வந்தால் பின்பக்க வடிப்படுக்கை கெட்டுவிட்டது. சுவருக்குப் பின்னால் பொந்து உருவாகிக்கொண்டிருக்கிறது. அது அடைப்பைவிட மோசம், உடனே தோண்டிப் பார்க்க வேண்டும்.

மழையே இல்லாத நாளில் சாலையில் தண்ணீர் நிற்கிறது. எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் உங்கள் வடிகால் குழாய் வழியாக, கடலிலிருந்து. குழாயின் வாய் உயர் ஓதத்துக்குக் கீழே இருந்தால் நீர் பின்னோக்கி ஏறிச் சாலையோரச் சாக்கடைக் கம்பி வழியாக வெளியே வரும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மட்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு, குழாய் வாயில் ஒருவழிக் கதவு. கீல் வைத்த இரும்புக் கதவும் உண்டு, வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வும் உண்டு. கீல் கதவு ஒரு குச்சி, ஒரு பிளாஸ்டிக் பாட்டில் சிக்கினாலே திறந்தபடி நின்றுவிடும். சிப்பியும் கொட்டலசும் விளிம்பில் ஒட்டி வளர்ந்து, மூட விடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுரண்டிக் கீலுக்கு கிரீஸ் இட வேண்டும். ரப்பர் வால்வுக்குப் பராமரிப்பு குறைவு. ஆனால் உள்ளே வண்டல் படிந்தால் திறக்க அதிக நீர் அழுத்தம் கேட்கும். கதவு சரியாக மூடுகிறதா என்று அறிய, உயர் ஓதத்தின்போது அடுத்த ஆள்நுழை தொட்டியைத் திறந்து பாருங்கள். ஓதத்தோடு சேர்ந்து உள்ளே நீர் ஏறினால் கதவு கசிகிறது.

கதவு மூடியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் நீர் வெளியேறாது. 1 கிலோமீட்டர் நீளம், 10 மீட்டர் அகலச் சாலையில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு மணியில் 500 கனமீட்டர் நீர். மூன்று மணி நேரம் கதவு மூடியிருந்தால் 1,500. இதற்கு இடம் கொடுக்கும் குட்டையோ அகன்ற வாய்க்காலோ வேண்டும், இல்லையென்றால் பம்பு வேண்டும். கதவு மட்டும் பொருத்திவிட்டு இதை மறப்பது, கடல்நீருக்குப் பதிலாக மழைநீரில் சாலையை மூழ்கடிப்பதே.

குழாய் எதுவும் இல்லாமலே சாலையில் ஈரம் கசிகிறதென்றால், ஓதத்தோடு நிலத்தடி நீர் ஏறுகிறது. சாலையின் ஜல்லிப் படுகை அடிக்கடி ஊறிக் கிடக்கிறது என்பதற்கு அது அறிகுறி. அந்த நீளத்தில் மேலே தார் அடுக்குவதைவிட, பருமனான கல் அடுக்கால் படுகையை மேலே தூக்குவதுதான் பலன் தரும்.

தாரா, கான்கிரீட்டா?

கான்கிரீட் பலகை நீரோட்டத்துக்கும் உப்புக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் அடியில் மண் போனதைக் காட்டிக்கொடுக்காது. பாலம் போல நின்று, கனரக வண்டி ஏறியதும் முறியும். தார்ப்பரப்பு அடியில் குழிந்ததும் தானும் தாழ்ந்து எச்சரிக்கை தரும், சீர் செய்வதும் விரைவு. முகடு நன்றாக அரண் செய்யப்பட்ட இடத்தில் கான்கிரீட், அடிக்கடி அரிக்கும் இடத்தில் தார் என்பது எங்கள் கருத்து.

தார் போடும்போது நெருக்கமான கலவை வேண்டும். உருட்டி முடித்தபின் காற்றுச் சந்து 8 விழுக்காட்டைத் தாண்டினால் நீர் உள்ளே இறங்கும், கல்லிலிருந்து தாரை உரிக்கும். சுண்ணாம்புத் தூள் 1 முதல் 1.5 விழுக்காடு சேர்த்தால் ஒட்டுதல் கூடும். மெல்லிய பூச்சு அடுக்கை உப்பு நிறைந்த படுகைமேல் போடாதீர்கள். உப்பு மேலேறிப் படிகமாகிக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

பாலத்திலும் சிறுபாலத்திலும் கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்க முடியுமா?

தள்ளிப்போடலாம். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதிக்கு ஆக்ஸிஜன் குறைவு. எப்போதும் காய்ந்திருக்கும் பகுதிக்கு உப்பு குறைவு. இரண்டும் மாறிமாறி வரும் தெறிப்புப் பகுதிதான் முதலில் வெடிக்கும். அங்கே கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல், 0.40-க்கு மிகாத நீர்-சிமெண்ட் விகிதம், அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட், குறைந்தது ஏழு நாள் நன்னீரால் நனைத்தல். கட்டுமானத்தில் கடல்நீரும் கழுவாத கடல்மணலும் தொடவே கூடாது.

வெடிப்பின் ஓரம் பழுப்புக் கறை தெரிந்தால் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் திடம். பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிரிந்துவிட்டது. மேலே சிமெண்ட் பூசி மறைப்பது உதவாது. கம்பிக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்வரை உடைத்தெடுத்து, கம்பியை மணலடித்துச் சுத்தம் செய்த பிறகே பழுதுபார்க்க வேண்டும்.

தாழ்வான பாலத்துக்கு இன்னொரு ஆபத்து அலையின் மேல்நோக்கிய தூக்கு. 2004-ல் ஐவன் புயலில் ஃபுளோரிடாவின் எஸ்காம்பியா விரிகுடாப் பாலமும், 2005-ல் கத்ரீனாவில் மிசிசிப்பியின் பிலாக்ஸி விரிகுடாப் பாலமும் தளங்களை இழந்தன. தூண்கள் பல நின்றன. தளங்கள் கழன்று விழுந்தன. உத்திரங்களுக்கு நடுவே சிக்கிய காற்றும் அலையும் சேர்ந்து தளத்தைத் தூக்கிவிடுகின்றன. தளத்தைத் தூணோடு பிணைக்கும் போல்ட்டுகளும், காற்று வெளியேறும் துளைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்று நாள் இருக்கிறது. என்ன செய்வது?

புதிதாக எதையும் கட்ட நேரமில்லை. திறந்து வைப்பதும் அகற்றுவதும்தான் வேலை. முதல் நாள் வடிகால் வாய், ஒருவழிக் கதவு, சிறுபாலக் கண் எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். பாதியில் நிற்கும் பள்ளத்தைக் கல்லால் மூடுங்கள். திறந்த பள்ளம் அரிப்புக்கு வாசல். தளர்ந்த பலகை, தடுப்பு, குழாய் எதையும் சாலையோரம் விடாதீர்கள். எல்லா இடத்தையும் புகைப்படம் எடுங்கள்.

இரண்டாம் நாள் இயந்திரங்களை இரண்டாகப் பிரித்து, சாலையின் இரு முனையிலும் மேடான இடத்தில் நிறுத்துங்கள். எல்லாம் ஒரே பக்கம் இருந்து நடுவில் சாலை அறுந்தால் மறுபக்கத்துக்கு உதவி போகாது. எரிபொருளையும், ஒவ்வொரு பக்கமும் சில லாரிக் கல்லையும் அங்கேயே சேர்த்து வையுங்கள். மணல் மூடிய பிறகு சாலை எங்கே என்றே தெரியாது; ஆகவே இரு ஓரத்திலும் உயரமான குறிக்கம்பம் நடுங்கள்.

மூன்றாம் நாள், நீர் ஏறும் முன்பே சாலையை மூடுங்கள். சாலையில் ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வண்டி கட்டுப்பாடு இழக்கலாம். 30 சென்டிமீட்டர் சிறு காரை மிதக்கவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். அடியில் சாலை இருக்கிறதா என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. மூடும் நீர்மட்டத்தை முன்கூட்டியே அளவுகோல் கம்பத்தில் சிவப்புக் கோடாக வரைந்துவிட்டால், அந்த நேரத்தில் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

மணல் மூட்டை உண்மையில் உதவுமா?

ஒரு கதவை, ஒரு பம்பு அறையை, ஒரு தாழ்ந்த இடைவெளியைக் காக்க உதவும். திறந்த அலைக்கு முன்னால் நிற்காது. மூட்டையைப் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்புங்கள்; முட்ட நிரப்பினால் உருண்டையாகி இடையில் சந்து விடும். செங்கல் போல மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றையும் மிதித்து அமர்த்துங்கள். உயரத்தைப் போல மூன்று மடங்கு அடி அகலம் இருக்கட்டும். நீர்ப் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அதன் அடியையும் மூட்டையால் அழுத்துங்கள். மூட்டைக்காகச் சாலைக்கு முன்னால் உள்ள மணல்மேட்டைத் தோண்டுவது, வீட்டுக் கதவைப் பிரித்து அடுப்பெரிப்பது போன்றது.

நீர் வடிந்துவிட்டது. எப்போது திறக்கலாம்?

மேற்பரப்பு காய்ந்தது போதாது. அடுத்த வற்றத்தின்போது முழு நீளத்தையும் நடந்து பாருங்கள், முதலில் நிலப் பக்க விளிம்பை. விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பு, வில்போல் வளைந்த வெடிப்பு, சிறு தாழ்வு, மூட்டில் மணல் பீய்ச்சிய தடம் ஆகிய எல்லாம் அடியில் பொந்து இருப்பதற்கான அடையாளம். சுத்தியல் ஒலியால் சோதியுங்கள். சந்தேக இடத்தில் ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பியைச் சாய்வாகக் குத்துங்கள். சட்டென்று உள்ளே போனால் தோண்டுங்கள்.

பொந்து இல்லாவிட்டாலும் ஊறிய படுகை பலவீனமானது. கத்ரீனாவுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் நீரில் கிடந்த தார்ச் சாலைகளை அளந்தபோது, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தார் அடுக்கை இழந்ததற்குச் சமமான வலிமைக் குறைவு தெரிந்தது. முதலில் இலகு வண்டிகளையும் மீட்பு வண்டிகளையும் மெதுவாக விடுங்கள். நிவாரணப் பொருள் ஏற்றிய கனரக லாரிகளை நிறுத்த மனம் வராது. எடையைப் பாதியாக்கி, நடுச்சாலையில், விளிம்பிலிருந்து 1 மீட்டராவது தள்ளி ஓட்டச் சொல்லுங்கள்.

அரித்துப்போன இடத்தைக் கடற்கரை மணலால் நிரப்பலாமா?

கூடாது. ஒரே அளவுள்ள உருண்ட மணிகள் இறுகாது. அடுத்த ஓதமே கொண்டுபோய்விடும். அதோடு சாலையின் முதல் காவலான கரையையே தாழ்த்துகிறீர்கள்.

தளர்ந்த மண்ணையும் தொங்கும் தார் விளிம்பையும் உறுதியான இடம்வரை வெட்டியெடுங்கள். பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாக வெட்டினால் புதிய நிரப்பு பழையதோடு பிணையும். அடியிலும் பக்கங்களிலும் ஜியோடெக்ஸ்டைல் விரித்து, நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய உடைகல், அதற்கு மேல் பல அளவு கலந்த ஜல்லி, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். ரோலர் நுழைய முடியாத பொந்துக்கு, ஓடும் பதத்தில் கலந்த மெலிந்த சிமெண்ட்-மணல் கலவையை ஊற்றலாம். ஆனால் வெளிவாயை முதலில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் கலவை கடலில் போய்ச் சேரும். அரித்த வழி எதுவோ அதை, அதாவது வடிகால் மூட்டோ சுவர்ப் பிளவோ, அடைத்த பின்பே மேலே தார்.

குழி ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுகிறது?

ஈரத்திலும் உப்புத் தூசியிலும் தார் ஒட்டாது. குழியைச் சதுரமாக, நல்ல பரப்பு 10 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி, நன்னீரால் கழுவி, காயவைத்து, ஒட்டுத்தார் தடவி, 75 மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்காக இறுக்குங்கள். புயலுக்கு மறுநாள், சூடாக்காமல் போடும் குளிர்கலவை தற்காலிகமே. காய்ந்த பிறகு எடுத்துவிட்டு மறுபடி போடுவதைப் பட்டியலில் சேருங்கள்.

சாலைமேல் குவிந்த மணலை எங்கே கொண்டு போவது?

கடல் பக்கத்துக்கே. கண்ணாடி, ஆணி, மரத்துண்டு போகச் சலித்து, மணல்மேட்டில் திரும்பச் சேருங்கள். அந்த மணல்தான் அடுத்த புயலில் அலைக்கு இரையாகிச் சாலையைக் காக்கும். ஒரு மீட்டரை ஒட்டிய உயரத்தில், பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட ஓலைத் தட்டியோ பலகை வேலியோ காற்றுக்குக் குறுக்கே நட்டால் மணல் தானாகச் சேரும். முழுக்க மூடிய தட்டி சேர்க்காது, அடியில் சுழன்று அரிக்கும். சேர்ந்த மேட்டில் அடப்பங்கொடி, ராவணன் மீசை போன்றவை பிடித்துக்கொண்டால் மணல் நிலைக்கும். கொடியின் மேல் நடைபாதை விழுந்தால் அந்த வாயில் வழியாகத்தான் கடல் உள்ளே வரும்; கடலுக்குப் போகும் வழியை நேராக விடாமல் சாய்வாக விடுங்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும்?

மாதம் ஒருமுறை, பெரிய ஓதம் ஏறும் நாளில் ஒரு நடை, அதே நாள் வற்றத்தில் ஒரு நடை. ஏறும்போது நீர் எங்கே நுழைகிறது என்று தெரியும். வற்றும்போது எங்கே கசிகிறது என்று தெரியும். ஆண்டுக்கு இருமுறை, நிலையான குறிக்கற்களிலிருந்து கரையின் குறுக்குவெட்டை அளந்து, ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படம் எடுத்து வையுங்கள். சுவரின் அடியில் மணல் எவ்வளவு தாழ்ந்தது என்பதே அதில் முதலில் பார்க்க வேண்டிய எண்.

இந்த இடத்தில் சாலையை இனி காக்க முடியாது என்று எப்போது முடிவெடுப்பது?

ஒரே நீளத்தை மூன்றாவது முறை முழுதாகக் கட்டும் நிலை வந்தால் கணக்கை எடுத்து உட்காருங்கள். கரை ஆண்டுக்கு எத்தனை மீட்டர் பின்வாங்குகிறது, சாலை விளிம்புக்கு இன்னும் எத்தனை மீட்டர் இருக்கிறது என்ற இரண்டையும் வகுத்தால் மிச்சமிருக்கும் ஆண்டுகள் கிடைக்கும். புதிய வழிக்கு நிலம் எடுக்கவும் வடிவமைக்கவும் கட்டவும் ஆகும் ஆண்டுகள் அதைவிடக் கூடினால், ஏற்கனவே தாமதம். கடல்மட்டமும் நிற்கவில்லை: 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகச் சராசரி சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். எனவே பழைய வெள்ளக் குறியை மட்டும் வைத்து அடுத்த முப்பதாண்டைத் திட்டமிட முடியாது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் மணல்தீவு வழியே செல்லும் 12-ஆம் எண் நெடுஞ்சாலை, ரோடாந்தே அருகே அடிக்கடி அலையிலும் மணலிலும் மூழ்கியது. கடைசியில் அந்தப் பகுதியைத் தவிர்த்து, உப்பங்கழிக்கு மேலே சுமார் 3.9 கிலோமீட்டர் பாலம் கட்டி 2022-ல் திறந்தார்கள். கலிஃபோர்னியாவின் டெவில்ஸ் ஸ்லைடு சரிவில் பல பத்தாண்டு மண்சரிவோடு போராடிய சாலைக்குப் பதிலாக 2013-ல் சுரங்கவழி திறக்கப்பட்டது. பழைய சாலை இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்.

இடம் மாற்றும் வரை பழைய சாலையைக் கைவிட முடியாது. அந்த இடைக்காலத்துக்கு நிரந்தரச் சுவர் கட்டாதீர்கள். எடுத்து வேறிடத்தில் வைக்கக்கூடிய கல், ஓர மெத்தை, நன்றாக வடியும் வாய்க்கால் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிய வழி திறந்ததும் பழைய தாரையும் குழாயையும் கம்பியையும் கடல் எடுப்பதற்கு முன் நீங்களே அகற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் உடைந்த தார்ப் பலகைகளை ஒவ்வொரு ஓதமும் கரை நெடுகச் சிதறடிக்கும்.